தொழுவத்துப் பரணில் கிடந்த கால் ஆர்மோனியத்தை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் புளியரை. தாத்தா நாடகத்துக்கு வாசித்த கால் ஆர்மோனியம் தொழுவத்துப் பரணில் கிடந்தது. இரண்டு மழைக்காலம் ஒழுகலில் நனைந்திருக்கிறது. அடிப்பலகையைக் கரையான் அரித்துவிட்டது, துருத்தியை எலி கடித்திருக்கிறது. மிதித்தால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. ரீடுகளில் பச்சை பூத்திருக்கிறது. தச்சு வேலை ஓரளவு தெரியும். ரீடுகளைத் தேய்த்துச் சுருதி சேர்ப்பதில் இருந்து தொடங்கலாமா?

பதில்: வேண்டாம், ரீடு கடைசி வேலை. காற்று பட்டு அதிர்ந்து ஒலி தரும் அந்தப் பித்தளை நாக்கு அவ்வளவு சீக்கிரம் சாகாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் பெட்டிக்கு மூச்சுதான் இல்லை.

நான் தொழில் பழகிய புதிதில், ஒழுகும் துருத்தியை வைத்துக்கொண்டே ஒரு பஜனை மடத்து ஆர்மோனியத்துக்கு இரண்டு நாள் சுருதி சேர்த்தேன். அப்புறம் துருத்தியை அடைத்ததும் எல்லா ஸ்வரமும் ஒரு மயிரிழை இறங்கி நின்றது. காற்றழுத்தம் கூடினால் ரீடின் சுருதி கொஞ்சம் இறங்கும். அது தெரியாமல் செய்த வேலை.

பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், பலகை வெடித்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும். பிரிப்பதற்கு முன், விரலால் அழுத்தும் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். துருப்பிடித்த திருகாணி வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். சூடான சால்டரிங் அயர்னின் முனையை அதன் தலையில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, ஆறியதும் திருப்புங்கள். பெரும்பாலும் இளகிவிடும்.

உள்ளே ஆணியும் ஒட்டுத் தோலுமாகப் பழைய வைத்தியம் நிறைய இருக்கலாம். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) பிறந்த செங்கோட்டை உங்களுக்குப் பக்கம்தானே. அவருக்கு அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்த காலத்தில், நாடகப் பெட்டி என்றால் ஊர் ஊராக ஏறி இறங்கும். வழியில் கிடைத்ததை வைத்து ஒட்டியிருப்பார்கள்.

கரையான் தின்ற பலகைக்குப் பூச்சு பூசி ஏமாற்றாதீர்கள். தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்கும் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய தேக்கு வையுங்கள். துருத்திக்கு மெல்லிய ஆட்டுத்தோல், ஒட்டுவதற்கு வச்சிரப் பசை. வச்சிரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதித்தால் வலு போய்விடும். வெள்ளைப் பசை சுலபம்தான். ஆனால் அடுத்த முறை பிரிப்பவர் தோலைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வச்சிரம் என்றால் ஈரச்சூடு பட்டதும் விட்டுக்கொடுக்கும். மிதி வார் அறுந்திருந்தால் கட்டில் நாடா போதும்.

இனி சோதனை. மிதித்துத் துருத்தியை நிரப்பிவிட்டு, எந்தக் கட்டையையும் தொடாமல் எண்ணுங்கள். இருபது எண்ணுவதற்குள் வடிந்துவிட்டால் இன்னும் ஓட்டை இருக்கிறது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டுகள் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே சட்டென்று விலகுகிறதோ அங்கே கசிவு. அமெரிக்க வகைப் பெட்டியாக இருந்தால் காற்றை உறிஞ்சும், புகை உள்ளே இழுபடும். அழுத்தாமலே ஒரு ஸ்வரம் கத்திக்கொண்டிருந்தால், அந்தக் கட்டை திறக்கும் மூடியின் தோலில் தூசி ஒட்டியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

துருத்தி வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்வது நல்லது. குற்றாலச் சாரல் காலத்தில் பசை காயாது. ஆனால் வெயில் காலத்தில் கட்டைகளை நெருக்கமாகப் பூட்டினால் ஆனி, ஆடியில் மரம் ஊதி இறுகிவிடும். இரண்டு கட்டைக்கு நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று தாராளமாக நுழைய வேண்டும், அதுதான் என் கணக்கு.

சரி, ரீடுக்கு வருவோம். பச்சையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பாலிஷ் திரவமும் ஆகாது. மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய தாளை விட்டு இழுத்தால் போதும். சுருதியைப் பார்க்கும்போது முதலில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவுக்கு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். நடு ‘ஏ’ ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்ற இன்றைய கணக்கு எல்லோருக்கும் பொதுவாவதற்கு முன் செய்த பெட்டிகளில், பிரான்சில் செய்தவை 435-ல் இருக்கலாம். சில இங்கிலாந்துப் பெட்டிகள் 450-ஐயும் தாண்டும். அப்படியானால் உங்கள் பெட்டியில் குறையே இல்லை, அப்படியே விடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் விலகியிருந்தால் நாக்கின் நுனியில் லேசாகச் சுரண்டுங்கள், சுருதி ஏறும். ஆணி அடித்த பக்கம் சுரண்டினால் இறங்கும். அடியில் மெல்லிய தகடு கொடுத்துக்கொண்டு, இரண்டு முறை சுரண்டினால் ஒரு முறை வாசித்துக் கேட்பது என்று போங்கள். எடுத்த பித்தளை திரும்பி வராது.

ஒரு ஸ்வரம் மட்டும் ரொம்ப இறங்கிக் கரகரத்தால் நாக்கின் அடியில் விரிசல் விட்டிருக்கும். அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். குஜராத்தின் பாலிதானா ரீடு கடைகளில் கிடைக்கும், ஆனால் பழைய பெட்டியின் அளவு அதோடு ஒத்துப்போகும் என்று நம்பிப் போகாதீர்கள். உடைந்த ரீடைத் தீப்பெட்டியில் போட்டு, மேலே கட்டை எண்ணை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.