மாவு இருந்தது, பை இல்லை

கேள்வி: பெருந்தொற்றின்போது பல நாடுகளில் கடை அலமாரிகள் காலியாகின. தனக்கு வேண்டியதை எல்லாம் தானே விளைவித்து, ஏற்றுமதியை நிறுத்தி, கிடங்குகளை நிரப்பிக்கொள்ளும் நாடுதான் அடுத்த முறை தப்பிக்கும் என்பது என் கருத்து. சரிதானே?

பதில்: இல்லை. விளைச்சல் குறைந்ததால் அலமாரிகள் காலியாயின என்று நினைக்கிறீர்கள். 2020இல் உலகத் தானிய விளைச்சல் முந்தைய ஆண்டைவிட அதிகம்.

பிரிட்டனில் மாவு ஆலைகள் இரவு பகலாக ஓடின. கடைகளில் மாவு கிடைக்கவில்லை. அங்கு அரைபடும் மாவில் ஏறக்குறைய 4 விழுக்காடுதான் சில்லறைக் கடைகளுக்குப் போகும். மற்றதெல்லாம் ரொட்டித் தொழிற்சாலைகளுக்கும் உணவகங்களுக்கும் பெரிய மூட்டைகளிலும் டேங்கர்களிலும் போய்விடும். எல்லோரும் வீட்டிலேயே சுடத் தொடங்கியதும், மாவைச் சிறு பைகளில் அடைக்கும் இயந்திரங்கள்தாம் போதவில்லை. அமெரிக்காவில் பள்ளிகளும் உணவகங்களும் மூடியதால் பண்ணைகளில் பாலைக் கொட்டினார்கள். அதே நாட்களில் பல கடைகளில் பாலுக்கு அளவு வைத்தார்கள். இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஓர் இறைச்சி ஆலை. நாட்டின் பன்றி இறைச்சியில் 4 முதல் 5 விழுக்காடு அந்த ஒரே கூரையின் கீழ் தயாரானது. தொழிலாளர்கள் நெருக்கி நின்று வேலை செய்யும் இடம் அது. நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்று பரவி, 2020 ஏப்ரலில் ஆலையை மூடினார்கள். இதுபோல் பல ஆலைகள் முடங்க, வளர்த்த பன்றிகளை அனுப்ப இடமின்றிப் பண்ணையாளர்களே கொன்று புதைக்க நேர்ந்தது.

தானே விளைவிப்பது என்றீர்களே, அறுவடை செய்யும் கைகள் யாருடையவை? அதே ஏப்ரலில் ஜெர்மனி, எல்லைகளை மூடியிருந்த நிலையிலும், ருமேனியாவிலிருந்து விவசாயத் தொழிலாளர்களை விமானத்தில் வரவழைத்தது.

ஏற்றுமதித் தடை இன்னும் ஆபத்தானது. 2007-08இல் ஒரு நாட்டைப் பார்த்து இன்னொரு நாடு கதவடைத்தது. சில மாதங்களிலேயே உலகச் சந்தையில் அரிசி விலை இரு மடங்கைத் தாண்டியது. 2020 மார்ச்சில் வியட்நாமும் புதிய அரிசி ஒப்பந்தங்களை நிறுத்தியது. நல்லவேளையாக ஏப்ரலில் அளவு வைத்துத் திறந்து, மே மாதம் தடையை முழுவதுமாக நீக்கியது.

கிடங்கு வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதுவும் ஒரே இடத்தில் குவிக்காமல் பரவலாக இருக்க வேண்டும். ஆனால் 2020இல் 72 கோடி முதல் 81 கோடிப் பேர் வரை பட்டினியை எதிர்கொண்டதாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அவர்களில் எத்தனையோ பேருக்குக் கடை திறந்திருந்தது, கூலிதான் நின்றுபோயிருந்தது. எனவே முடக்கம் அறிவிக்கும் அரசு, அந்த வாரமே அவர்கள் கையில் பணம் சேர வழி செய்ய வேண்டும். ஒரு பேராலைக்குப் பதில் பல சிற்றாலைகள் இருந்தால் செலவு கூடும். அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். அது இல்லாததால்தான் பலர் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார்கள்.