கதிரிலேயே முளைக்கும் நெல்லுக்குக் கமலா விதை மருந்தாகுமா?

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் ஒன்பது ஏக்கர் நெல் வயல் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பாதி மனோதுக்கா ரகம், பாதி தீத்தட்யின் ரகம். கோடையில் முழுக்கத் தீத்தட்யின்தான். இந்த மே மாதம் அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பயிர் சாய்ந்து, கதிரிலேயே முளை விட்டுவிட்டது. மில்காரர் பாதி விலைக்குக் கேட்டார். சென்னையில் இருக்கும் மருமகன், இந்தியாவில் மரபணு திருத்திய கமலா நெல் வந்திருக்கிறது என்று வீடியோ அனுப்பினார். அந்த விதை கிடைத்தால் இந்தத் தொல்லை தீருமா? அதிலிருந்து மறுபடி விதைக்கு எடுத்து வைக்கலாமா?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன் அண்ணே, தீராது. கமலா வேறு நோய்க்கு எழுதிய சீட்டு.

2025 மே மாதம் இந்திய அரசு இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் ஒன்று ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா. சம்பா மசூரியில் ஒரே ஒரு மரபணுவை, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கத்தரியால் செயலிழக்க வைத்து உண்டாக்கியது. சைட்டோகைனின் என்ற ஹார்மோன்தான் கதிரில் எத்தனை மணி கட்டவேண்டும் என்பதில் பெரிய பங்கு வகிக்கிறது. அந்த ஹார்மோனைச் சிதைக்கும் நொதி ஒன்று செடியிலேயே உண்டு. அதை நிறுத்திவிட்டால் ஹார்மோன் தங்கும், மணிகள் கூடும். ஜப்பான்காரர்கள் 2005இலேயே இயற்கையாக இப்படி அமைந்த நெல்லைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். கமலாவுக்கு 19 சதவீதம் கூடுதல் மகசூல், சுமார் இருபது நாள் முந்திய அறுவடை என்று அரசு சொல்கிறது. அரசு சோதனை வயலின் கணக்கு நம் வயலின் கணக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததா? மணி கூடினால் மட்டும் போதாது, அத்தனையும் பால் கட்டவேண்டும். உரமும் வெயிலும் குறைந்தால் கூடுதல் மணியெல்லாம் பதராகத்தான் போகும்.

உங்கள் வயலில் நடந்த கதையில் வருவது வேறு இரண்டு ஹார்மோன்கள். அப்சிசிக் அமிலம் விதையைத் தூங்க வைக்கும், ஜிப்ரெலின் எழுப்பிவிடும். மணி முற்ற முற்ற அப்சிசிக் அமிலம் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் மழை நனைத்தால் முளைக்கரு ஜிப்ரெலினைச் சுரக்கும். உமிக்கு உள்ளே அரிசியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் அந்தச் செய்தியைக் கேட்டதும் அமைலேஸ் என்ற நொதியை அவிழ்த்துவிடும். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். முளை வெளியே தெரிவதற்கு முன்னாலேயே உள்ளே இந்த வேலை நடந்திருக்கும். அதனால்தான் முளை தெரியாத மணிகூட மில்லில் நொறுங்குகிறது. மில்காரர் விலை குறைத்ததில் கொஞ்சம் நியாயம் உண்டு. பாதி விலை கொஞ்சம் அதிகம்தான்.

சரி, தூக்க ஹார்மோனைக் கூட்டினால் என்ன? செய்யலாம். ஆனால் இது தராசு. ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்கும். முதலில் அந்த ஹார்மோனின் வேலையைக் குறைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2018இல் சீனாவில் நெல்லின் அப்சிசிக் அமில ஏற்பிகளைக் கிரிஸ்பரால் ஒவ்வொன்றாகவும் கூட்டாகவும் வெட்டிப் பார்த்தார்கள். ஏற்பி என்பது ஹார்மோனின் பேச்சைக் கேட்கும் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு இந்தக் காது ஒரு டஜனுக்கு மேல் இருக்கிறது. அதில் 1, 4, 6 ஆகிய மூன்றையும் சேர்த்து அடைத்த செடி வயலில் 25 முதல் 31 சதவீதம் கூடுதலாக விளைந்தது, விதை உறக்கமும் ஏறக்குறைய கெடவில்லை. ஆனால் 1ஆம் எண்ணை மட்டும், அல்லது 12ஐ மட்டும் அடைத்தால் உறக்கம் கெட்டுப்போனது. அதாவது நீங்கள் இன்று பட்ட அதே பாடு! ஒரே குடும்பத்து மரபணுக்கள்தான், எதைத் தொடுகிறோம் என்பதில் அவ்வளவு வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. வறட்சி வந்தால் இலைத்துளைகளை மூடச் சொல்வதும் இதே அமிலம்தான். காதை அடைத்த செடி தண்ணீர் தட்டுப்பாட்டைத் தாங்காது. பெகுவில் சமாளிக்கலாம், மாண்டலே பக்கத்து வறண்ட நிலத்தில் முடியாது.

எதிர்ப்பக்கமாக, உறக்கத்தை நீட்டியும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 2019இல் கோதுமையில் ஒரு மரபணுவின் மூன்று பிரதிகளையும் ஒரே சமயத்தில் முடக்கினார்கள். நனைத்து வைத்தாலும் விதை சீக்கிரம் முளைக்கவில்லை. (அது நேரடியாக ஹார்மோன் மரபணு இல்லை, ஆனாலும் தூக்கம் கூடியது.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் பயிர்முறையை நினைத்துப் பாருங்கள். மே மாதம் அறுத்த தீத்தட்யினை ஜூனிலேயே நாற்றங்காலில் விடுகிறீர்கள். நடுவில் சில வாரங்கள்தான். உறக்கம் மூன்று மாதம் நீளும் நெல்லாக இருந்தால் ஜூனில் பாதி விதை முளைக்காது. அப்போது ஏன் முளைக்கவில்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். வரப்போரக் களைநெல் வருடம் போன பிறகும் திடீரென்று தலைகாட்டுவதும் இந்த நீண்ட உறக்கத்தால்தான். நம் முன்னோர் அந்தத் தூக்கத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் வீட்டு நெல்லாக்கினார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு மூன்று வாரத் தூக்கம், அதற்குமேல் வேண்டாம்.

உண்மையில் என் கண்ணுக்குப் பட்டது முளைப்பைவிட, பயிர் சாய்ந்ததுதான். நிற்கிற கதிர் மழைக்குப் பின் காற்றில் காய்ந்துவிடும். சேற்றில் கிடக்கிற கதிர் காயாது, முளைக்கத்தான் செய்யும். இங்கேயும் ஜிப்ரெலின்தான் வருகிறது. நாற்றங்காலில் சில நாற்று வெளிறி, ஒல்லியாக, மற்றதைவிட ஒரு சாண் உயரமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் அதற்கு 'முட்டாள் நாற்று' என்று பெயர். அது ஒரு பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சை விடும் ஏதோ ஒரு பொருள்தான் நாற்றை நீட்டுகிறது என்று 1926இல் குரோசாவா என்ற விஞ்ஞானி காட்டினார். பிறகு அந்தப் பொருளுக்குத்தான் ஜிப்ரெலின் என்று பெயர் வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐஆர்8 நெல் ரகம் குட்டையாக நின்றதற்குக் காரணம், ஜிப்ரெலின் தயாரிக்கும் ஒரு மரபணு அதில் பழுதாகியிருந்தது. அந்தப் பழுதை இன்று கிரிஸ்பரால் நெட்டையான பழைய ரகங்களிலும் செய்துகாட்டியிருக்கிறார்கள். நம் பர்மாவின் வாசனை நெல்லான பௌசான் உயரமாக வளர்ந்து படுத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், வாசனை கெடாமல் அதைக் கொஞ்சம் குட்டையாக்கித் தந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். நம் நாட்டுக்கு முதலில் வேண்டிய திருத்தம் அதுதான் என்பது என் கருத்து.

விதை எடுத்து வைப்பது பற்றி. கமலா ஒட்டுவிதை அல்ல, தன் மகரந்தத்தாலேயே கருவுறும் ரகம். அதனால் திருத்தம் தலைமுறைக்குத் தலைமுறை அப்படியே வரும், பயிரியல் ரீதியாகத் தடையில்லை. மேல்பர்மாவில் போடும் புழு எதிர்ப்புப் பருத்தியில் பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது. கமலாவில் அந்த மாதிரி வெளி மரபணு எதுவும் மிஞ்சியிருக்காது. அதனால்தான் இந்தியா 2022இல் இந்த வகைக்குக் கடுமையான உயிர்ப்பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. ஆனால் கிரிஸ்பர் கருவிக்குக் காப்புரிமை உண்டு. அதோடு ஒரு நாட்டின் விலக்கு எல்லை தாண்டிச் செல்லாது. யாராவது பையில் கட்டிக் 'கமலா' என்று பெகு சந்தையில் விற்றால் வாங்காதீர்கள். சாதாரணச் சம்பா மசூரியைப் பெயர் மாற்றி விற்றால் உங்கள் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மனோதுக்காவும் மசூரி வழி வந்ததுதான், பார்த்தால் குழம்பிப்போகும்.

அப்போது வரும் கோடைக்கு என்ன செய்வது? பூத்து ஒரு மாதம் ஆனதும் தினமும் வயலுக்குப் போங்கள். நூற்றில் எண்பது, எண்பத்தைந்து மணி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டால் அறுத்துவிடவேண்டும். மீதியும் பழுக்கட்டும் என்று காத்திருந்த நாட்களில்தான் மழை உங்களைப் பிடித்தது என்று நினைக்கிறேன். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். யூரியாவைக் கடைசியில் அள்ளிப் போடாதீர்கள், தண்டு இளகிச் சாயும். அறுத்த நெல்லைக் குவித்து வைக்காமல் அன்றே பரப்பிக் காயவிடுங்கள். ஈரக்குவியலில் சூடு ஏறினால் கதிரில் பிழைத்த மணியும் கெட்டுவிடும்.

இந்த மே மாத நெல்லில் சாய்ந்த பகுதியிலிருந்து விதைக்கு ஒரு பிடிகூட எடுக்காதீர்கள். முளை விட்டு மறுபடி காய்ந்த விதை பெரும்பாலும் செத்த விதை. நின்ற பகுதி ஏதாவது இருந்தால் அதில் நூறு மணி எண்ணி, ஈரத்துணியில் சுற்றி ஏழு நாள் வைத்து எண்ணுங்கள். எண்பதுக்குக் கீழே வந்தால் முளைக்காததை விரலால் அழுத்திப் பாருங்கள். கூழாக நசுங்கினால் அது செத்தது. கெட்டியாக இருந்தால் தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மீதி விதையை நன்றாகக் காயவைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி இதே மாதிரி பார்க்கவேண்டும்.

அடுத்த அறுப்பிலிருந்து, அறுத்த அன்றே ஒரு தடவை, பிறகு வாரம் ஒரு தடவை, இதே துணிச் சோதனையைச் செய்யுங்கள். அறுத்த அன்றே தொண்ணூறு முளைத்தால் அந்த ரகத்துக்குத் தூக்கமே இல்லை என்று பொருள், அதைக் கோடையில் போடக்கூடாது. பக்கத்து வயல்களில் வேறு ரகம் இருந்தால் அதிலும் ஒரு பிடி கேட்டு வாங்கிச் சேர்த்துப் பாருங்கள். ரகத்தின் பெயர், பூத்த தேதி, அறுத்த தேதி, வாராவாரம் முளைத்த எண்ணிக்கை, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பினால், எதைக் கோடைக்கு வைக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.