'ரிபா' என்ற ஒரு சொல் போதாது

தம்பிக்கு வணக்கம். போலந்தின் கிராகோவ் நகருக்குப் படிக்க வருவதாகவும், மீன் இல்லாமல் சோறு இறங்காது என்பதால் 'ரிபா' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டதாகவும் எழுதி, ஸ்லாவிய நாடுகள் எங்கும் அது செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, குளிர் விவரங்களை அங்கே முன்பே படிப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் மீனோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சொல் செல்லும். போலிஷ், செக், ரஷ்ய மொழி, உக்ரைனிய மொழி, செர்பிய மொழி, பல்கேரிய மொழி எல்லாவற்றிலும் 'ரிபா'தான் மீன். ஆனால் போலிஷிலும் ரஷ்ய மொழியிலும் அதன் முதல் உயிர் தெளிவான இகரம் அன்று. 'பாட்டு' என்பதன் இறுதியில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவே நாவை வைத்தால் ஏறக்குறைய வந்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நான் 2008-இல் வந்த புதிதில், ஒன்று 'ரிபா', பல 'ரிபி' என்று அகராதியில் படித்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் 'நியே மா ரிபி', அதாவது மீன் இல்லை என்றார். அவர் விழுங்கிச் சொன்ன 'நியே' என் காதில் விழவில்லை. மீன்கள் உண்டு என்று புரிந்துகொண்டு, அவர் விளக்கை அணைக்கும் வரை நின்றேன். 'இல்லை' என்னும்போது ஒரு மீனும் வேற்றுமை ஏற்று 'ரிபி' ஆகிவிடும் என்பதை எந்தப் பக்கத்தில் தேடுவது? கிலோ கணக்கில் கேட்டாலும் 'ரிபி'தான். எண்ணிக் கேட்டால் இரண்டு முதல் நான்கு வரை 'ரிபி', ஐந்து என்றால் 'ரிப்'. மீன் அவர்களுக்குப் பெண்பால் என்பதால் இரண்டையும் 'த்வா' என்னாமல் 'த்வியே' என்ன வேண்டும்.

பத்தாண்டு இருந்தும் கண்ணாடிப் பெட்டியை நோக்கி விரலை நீட்டியே மீன் வாங்குகிற நம்மவர்கள் இருக்கிறார்கள். இவ்வூரார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று குறைப்படுபவர்களும் அவர்களே.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடு போனால் மட்டும் எச்சரிக்கை: அங்கே கொச்சை வழக்கில் 'ரிபா' அழகிய இளம்பெண்ணையும் குறிக்கும். பணிப்பெண்ணைப் பார்த்து அதை மட்டும் சொல்லாமல், கெண்டை வேண்டுமென்றால் 'ஷரான்' என்று மீனின் பெயரையே சொல்லுங்கள். போலந்தில் அதே மீன் 'கார்ப்'.

என் முதல் டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்துக்குக் கீழ்வீட்டுப் பாட்டி அழைத்துப் பொரித்த கெண்டையைப் பரிமாறினார். பிறந்தநாளைக் கேட்டுவிட்டு, 'நீயும் ரிபிதான்' என்றார். நான் தட்டைப் பார்த்து விழிக்க, அவர் எழுந்துபோய்ச் சுவர் நாட்காட்டியில் மீன ராசிப் படத்தைத் தொட்டுக் காட்டினார்.