மணலில் எப்போது இறங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொந்த ஊர் மண்டபம், வேலை பெல்ஜியத்தில். சென்ற குளிர்காலத்தில் அங்கே அமெச்சூர்களுக்கான சைக்ளோகிராஸ் (மண், மணல், தடைகள் உள்ள பாதையில் பல சுற்று ஓட்டி, முடியாத இடத்தில் இறங்கிச் சைக்கிளோடு ஓடும்) பந்தயங்கள் சிலவற்றில் கலந்துகொண்டேன். 40 நிமிடப் பந்தயத்தில் முதல் இரண்டு சுற்றுகள் முன்னால் இருப்பேன்; பிறகு கால்கள் ஓய்ந்துவிடும். மணல் பகுதியில்தான் அதிகம் பின்தங்குகிறேன். இப்போது விடுமுறையில் தினமும் தனுஷ்கோடிச் சாலையில் 60 கிலோமீட்டர் மிதிக்கிறேன். இது போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆடிக்காற்றை எதிர்த்து 60 கிலோமீட்டர் மிதிப்பவருக்கு 40 நிமிடத்துக்கான பலம் இல்லாமல் போகாது. அது வழியில் எங்கோ சிந்துகிறது. தனுஷ்கோடிச் சாலை நேர்ச்சாலை. ஒரே சீராக மிதிக்க அது பழக்கும். உங்கள் பந்தயமோ வளைவும் தடையும் மணலுமாக, மீண்டும் மீண்டும் வேகத்தைக் குறைத்துக் கூட்டச் சொல்வது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிளோடு சேர்த்து உங்கள் எடை 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 25 கி.மீ. வேகத்தில் வந்து, வளைவில் பிரேக் பிடித்து 15 கி.மீ.க்கு இறங்கினால் ஏறத்தாழ 1,300 ஜூல் ஆற்றல் பிரேக்கில் சூடாகிப் போகிறது. அதை உங்கள் கால்கள்தான் திரும்பத் தரவேண்டும். சுற்றுக்குப் பத்து வளைவு, ஆறு சுற்று என்றால் 78,000 ஜூல். சராசரியாக 200 வாட் மிதிப்பவர் 40 நிமிடத்தில் செய்யும் மொத்த வேலையே 4,80,000 ஜூல்தான். அதில் ஆறில் ஒரு பங்கு பிரேக்குக்குப் போய்விடுகிறது. அதே வளைவை 20 கி.மீ. வேகத்தில் கடக்கக் கற்றுவிட்டால் இந்த இழப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மிச்சமாகும். ஆகவே வாரத்தில் மூன்று நாள் சாலையை விட்டுவிட்டு, அரியமான் கடற்கரைப் பக்கம் சவுக்கு மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். கண் மரத்தில் அல்ல, வெளியேறும் வழியில் இருக்க வேண்டும். கருவேல முள்ளுக்குப் பயந்தால், டியூப் இல்லாத டயரில் ஓட்டையடைக்கும் திரவத்தை ஊற்றிக்கொள்ளுங்கள்.

மணலுக்கு வருவோம். 2012-இல் சைக்ளோகிராஸ் உலக சாம்பியன்ஷிப் நடந்த, பெல்ஜியத்தின் கடற்கரை ஊரான கோக்ஸைடேயின் மணல்மேடுகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அந்த வித்தையைப் பழக நம் கரையைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. டயரில் காற்றைக் குறைத்தால் அது மண்ணில் நீளமாகப் படிந்து, குறைவாகப் புதையும். மணலுக்குள் போன பிறகு கியர் மாற்றாதீர்கள். முன்பே மாற்றிக்கொண்டு வேகமாக நுழையுங்கள். எடையைப் பின்னால் தள்ளி, கைகளைத் தளர்த்தி, முன்சக்கரம் தானாகத் தடம் தேட விடுங்கள். ஹேண்டிலை இறுக்கித் திருப்பினால் சக்கரம் குறுக்காக விழுந்து மண்ணை உழும்.

ஆனாலும் ஓரிடத்தில் மிதிக்க முடியாமல் போகும். அங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரையிலிருந்து வரும் மீன்காரர்களைக் கவனியுங்கள். தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, அந்த ஓட்டத்தோடு தள்ளிப் போவார்கள். சக்கரம் புதைந்து நின்ற பிறகு இறங்கினால் பெட்டியையும் சைக்கிளையும் மறுபடி கிளப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்களோ கடைசி இரண்டு மிதியை உயிரைக் கொடுத்து மிதித்து, நின்று, பிறகு இறங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கால் சுழற்சி தளரத் தொடங்கும்போதே இறங்கி ஓடுங்கள். மெல்ல மிதிப்பவரை ஓடுகிறவர் தாண்டிவிடுவார்.

பலகைத் தடைகள் 40 செ.மீ.க்கு மேல் இருக்காது. செங்கல்மேல் தென்னை மட்டையை வைத்து, நடைவேகத்தில் இறங்கி ஏறிப் பழகினால் போதும். ஏறும்போது குதிக்காமல், உள்தொடையைச் சீட்டின்மேல் வழுக்கிச் செல்ல விடுங்கள்.

அடம்பங்கொடி படர்ந்த மேடுகளில் மட்டும் ஓட்டாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். வீடு திரும்பியதும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். இந்த உப்புக்காற்றில் ஒரு ராத்திரி விட்டாலே செயின் சிவந்துவிடும்.