12 வருஷம் லொறி ஓடியவருக்கு ஒன்ராறியோவில் ஏன் மறுபடியும் வகுப்பு?

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் தம்பி 12 வருஷமாக ட்ரெய்லர் இழுக்கிற பிரைம் மூவர் ஓடுகிறான். சீனக்குடாவில் சீமெந்து, மா ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவான். அவன் மனைவி கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்கார்பரோவில் இருக்கிறா. ஸ்பொன்சர் அலுவல் முடிகிற கட்டத்தில் இருக்கிறது. 'இன்ரர்நஷனல் லைசன்ஸும் ஒரு அனுபவக் கடிதமும் இருந்தால் போதும், போய் இறங்கின கிழமையே ட்ரக் ஓடலாம்' என்று ஒருவர் சொல்கிறார். வேலையும் சேர்த்து எடுத்துத்தர ஆறு இலட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம் அக்கா. இன்ரர்நஷனல் பேர்மிட் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கானது. குடியேற வருகிறவர் ஊர் லைசன்ஸை 60 நாள் பாவிக்கலாம், அதற்குப் பிறகு ஒன்ராறியோ லைசன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ட்ரெய்லர் இழுக்க வேண்டுமென்றால் 'ஏ' வகுப்பு லைசன்ஸ். அதற்கு ஊர் அனுபவம் எத்தனை வருஷம் இருந்தாலும் கணக்கில் வராது. 2017 யூலை 1 முதல், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் குறைந்தது 103.5 மணித்தியாலம் முடித்தவர்தான் 'ஏ' வகுப்பு வீதிச் சோதனைக்குப் போகலாம். 'மெல்ட்' என்று அங்குள்ள றைவர்மார் சொல்வது இதைத்தான்.

அந்த 103.5ஐப் பிரித்துப் பாருங்கள். வகுப்பறையில் 36.5. யார்டில், அதாவது வாகனத்தைச் சுற்றிச் சோதிப்பது, ட்ரெய்லரைக் கொளுவுவது, கழற்றுவது போன்ற வேலைகளில், 17. மிச்சம் 50 மணித்தியாலம் ஸ்டியரிங்கில். அதில் 32 வீதியில். 18 மணித்தியாலம் பின்னுக்கு எடுப்பதற்கு மட்டும்!

இந்தப் பதினெட்டைக் கேட்டால் ஊர் றைவர்மார் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் நம்முடைய றிவேர்ஸ் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கிளீனர் பெடியன் குதித்து இறங்குவான். பின்பக்கம் போய் நின்று, லொறியின் பொடியில் உள்ளங்கையால் தட்டித் தட்டி, "வா, வா, வா... இடது வெட்டு... ஓய்!" என்பான். றைவர் பாதி கண்ணாடியை நம்பி எடுக்கிறார், பாதி அந்தத் தட்டுச் சத்தத்தை நம்பி. அங்கே கிளீனர் கிடையாது. 53 அடி ட்ரெய்லரோடு ஆள் தனி. சந்தேகம் வந்தால் ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து ஏற வேண்டும். பத்துத் தரம் இறங்கினாலும் ஒருவரும் நக்கலடிக்க மாட்டார்கள். இறங்காமல் இடித்தால்தான் வேலை போகும். போதாததற்கு ஸ்டியரிங் இடப்பக்கம், வீதி வலப்பக்கம். தம்பியின் கை பன்னிரண்டு வருஷமாகப் பழகிய பழக்கத்தை மாற்ற 18 மணித்தியாலம் கூடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிச் சட்டம் போட்ட முதல் மாகாணம் ஒன்ராறியோ. மற்றவை அசைந்தது ஒரு பெரிய சாவுக்குப் பிறகு. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில், நிறுத்தற் குறியைக் கவனிக்காமல் சந்திக்குள் புகுந்த ட்ரக்கும், இளம் ஹொக்கி அணி ஒன்று போன பஸ்ஸும் மோதி 16 பேர் இறந்தார்கள். ட்ரக் ஓடியவருக்குக் கிடைத்திருந்தது இரண்டு கிழமைப் பயிற்சி. 2019இல் அல்பேட்டா 113 மணித்தியாலமும், சஸ்காச்சுவானும் மனிரோபாவும் 121.5 மணித்தியாலமும் கட்டாயமாக்கின. மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. ஆகவே அல்பேட்டாவில், கல்கரியில் இருக்கிற மச்சான் சொன்னதை ஸ்கார்பரோவுக்குப் பொருத்தாதீர்கள். அமெரிக்கா இன்னும் வேறு: அங்கே 2022 பெப்ரவரி 7 முதல் பயிற்சி கட்டாயம், ஆனால் குறைந்தபட்ச மணிக்கணக்கு இல்லை.

சரி, தம்பி எந்த ஒழுங்கில் போக வேண்டும்? முதலில் கார் ஓடுகிற 'ஜி' லைசன்ஸ். இதில்தான் ஊர் அனுபவம் உதவும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியதை நிரூபித்தால், எழுத்துச் சோதனை முடிந்ததும் நேரே 'ஜி' வீதிச் சோதனைக்குப் போகலாம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவத்தை அவன் வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள். லைசன்ஸ் கொடுத்த திணைக்களமே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஆறு இலட்சக்காரர் தருகிற 'அனுபவக் கடிதம்' இதற்கு ஒன்றுக்கும் உதவாது. நமக்குத் தேவை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கடிதம். அதைத் தம்பி இங்கே இருக்கும்போதே எடுக்கட்டும். அவன் அங்கே போன பிறகு அதற்காக நீங்கள் கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைய வேண்டாம்.

முழு 'ஜி' கிடைத்த பிறகு மருத்துவ அறிக்கை, கண் பரிசோதனை, 'ஏ' வகுப்பு எழுத்துச் சோதனை, மெல்ட், வீதிச் சோதனை. எயார் பிரேக்குக்குத் தனியே 'இசட்' அங்கீகாரம் வேண்டும். எயார் பிரேக் தம்பிக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே அதை வாயால் சொல்லிக்கொண்டு செய்து காட்ட வேண்டும்: பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்கி, காற்றழுத்தம் 55 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகுமுன் எச்சரிக்கை அடிக்கிறதா என்று பார்த்து, அதைச் சோதனையாளருக்கு விளக்க வேண்டும். நல்ல நல்ல றைவர்மார் இங்கேதான் விழுகிறார்கள். கைக்குத் தெரியும், வாய்க்கு வராது. 'ஜி' எழுத்துச் சோதனையைத் தமிழில் எழுதலாம். 'ஏ' வகுப்புக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோதான். ஆகவே வீசா வரும்வரை தம்பி செய்ய வேண்டிய முதல் வேலை, தினமும் காலையில் தன் லொறியைச் சுற்றி நடந்து, டயர், நட், லைட், எயார் ஹோஸ் ஒவ்வொன்றின் பெயரையும் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது. பக்கத்தில் நிற்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

பயிற்சிக் கட்டணம் பல ஆயிரம் டொலர். கடன் வாங்கித்தான் கட்டுவார்கள். மலிவாகத் தருகிறோம் என்று, ஓடாத மணித்தியாலத்துக்கும் கையெழுத்துக் கேட்கிற இடமும் உண்டு. தம்பி ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தைத் தன் கொப்பியில் எழுதி வைத்து, அவர்களின் தாளோடு ஒத்துப்பார்த்த பிறகே ஒப்பம் வைக்கட்டும்.

என்னைக் கேட்டால், அவன் முதலில் 'டி' எடுப்பது நல்லது. ட்ரெய்லர் இல்லாத பெரிய லொறி, டிப்பர் எல்லாம் அதில் ஓடலாம், மெல்ட் தேவையில்லை. முதல் பனிக்காலத்தை அந்த வாகனத்தில் கழித்து, உழைத்த காசில் 'ஏ' படிக்கலாம். ஹபரணைக் காட்டில் யானைக்கு நின்று போகத் தெரிந்தவனுக்கு, கண்ணாடிபோல உறைந்த வீதி வேறு பாடம். ட்ரெய்லரோடு அதைப் படிக்க வேண்டாம். அதோடு, காப்புறுதிக்காரர்கள் பெரும்பாலும் கேட்பது வட அமெரிக்க அனுபவத்தை. 'டி'யில் ஓடுகிற காலமும் அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

அந்த ஆறு இலட்சக்காரர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தவரா என்று 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். திணைக்களத்தின் கடிதம் கைக்கு வந்ததும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். லைசன்ஸில் அப்பாவின் பெயர் ஒற்றை எழுத்தாகவும் பாஸ்போட்டில் முழுதாகவும் இருப்பது நம்மவர்களுக்கு வழக்கம். கடிதத்தில் பெயர் பாஸ்போட்டில் உள்ள மாதிரியே, எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் வாசித்துப் பாருங்கள்.