ரூட்டர் மென்பொருளைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: வீட்டு வைஃபை ரூட்டரில், ரூட்டர்களுக்கான திறந்த மூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியின் (OpenWrt) 19.07 பதிப்பை நிறுவியிருக்கிறேன். என் அமைப்புகள் அழியாமல் புதிய பதிப்புக்கு மாற முடியுமா?

பதில்: பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பு அது என்பதால் அவசியம் மாறுங்கள். ஆனால், 21.02 முதல் பல ரூட்டர்களில் லேன் போர்ட்டுகளைக் கையாளும் முறை டிஎஸ்ஏ (DSA) என்ற புதிய முறையாக மாறிவிட்டதால், அத்தகைய ரூட்டருக்குப் பழைய அமைப்புகள் பொருந்தா. அவற்றைக் காப்புப் பிரதி எடுத்துவைத்து, அதைப் பார்த்துப் புதிதாக அமைப்பதே நல்லது என்பேன். 8 எம்பி ஃபிளாஷ் (சேமிப்பு நினைவகம்), 64 எம்பி ரேம் ஆகியவற்றுக்குக் குறைவான ரூட்டரில் இம்முயற்சி வேண்டாம். உங்கள் மாடலின் வன்பொருள் பதிப்புக்கே உரிய சிஸ்அப்கிரேடு (sysupgrade) என்ற மேம்படுத்தல் கோப்பைத் தரவிறக்கி, கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் அதன் எஸ்எச்ஏ256 (SHA256) மதிப்பைச் சரிபார்த்தபின், வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் வழியாக ஏற்றுங்கள். ரூட்டர் மீண்டும் இயங்கத் தொடங்கும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். கூடுதலாக நிறுவிய மென்பொருள் தொகுப்புகள் இம்முறையில் நீங்கிவிடும். பட்டியலை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.