கட்டடக்கலை: முதல் வேலை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவள். கட்டடக்கலையில் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு முடித்துச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து ஓராண்டு ஆகப்போகிறது. கல்லூரியில் மூன்றாம் பருவத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, பிறகு குடியிருப்பு வளாகம், அருங்காட்சியகம், இறுதியாண்டு தீசிஸாகத் தாமிரபரணிக் கரையில் ஒரு நாட்டார் கலை மையம் ஆகியவற்றை வடிவமைத்தேன். தீசிஸுக்கு, வடிவமைப்புகளை மதிப்பிடும் ஜூரிக் குழுவில் நல்ல பாராட்டு. பள்ளிக்கு மட்டும் 'இதில் கான்செப்ட் எங்கே?' என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

இப்போது அலுவலகத்தில் நான் வரைவதெல்லாம் கழிப்பறை, படிக்கட்டு, கதவு ஜன்னல் அட்டவணை. டிசைன் மூத்தவர்கள் கையில் இருக்கிறது. சைட்டுக்கு என்னோடு சேர்ந்த பையன்களைத்தான் அனுப்புகிறார்கள். கேட்டால் 'உனக்குச் சிரமம்மா' என்கிறார்கள். சம்பளம் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது. சனிக்கிழமையும் இரவு ஒன்பது மணி வரை வேலை. 'நாங்களெல்லாம் சம்பளமே இல்லாமல் கற்றுக்கொண்டவர்கள்' என்று அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்.

ஐந்து வருடம் படித்தது வீணா? வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் முதுகலை படிக்கப் போகலாமா? அதற்காக என் வடிவமைப்புகளைத் தொகுத்துத் தயாரித்த போர்ட்ஃபோலியோவை இணைத்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

வி.

*

அன்புள்ள வி.,

போர்ட்ஃபோலியோவை நிதானமாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் தீசிஸ்தான். அந்தப் பள்ளியைக் கடைசிப் பக்கத்தில், அதுவும் அரைப் பக்கத்தில் ஒடுக்கிவிட்டீர்கள். எனக்கு அதில் மிகப் பிடித்தது அந்த அரைப் பக்கம்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தரையில் உட்காருவார்கள் என்பதால் அந்த அறையில் ஜன்னலின் அடிமட்டத்தை 45 செ.மீ. உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். பெஞ்சு வந்துவிடும் ஐந்தாம் வகுப்பில் 75 செ.மீ. ஊர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகளை உட்காரவைத்துக் கண்மட்டம் அளந்ததாக ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு. நம் ஊரில் ஜன்னல் என்றால் மூன்றடி உயரத்தில் தொடங்க வேண்டும் என்பது கைப்பழக்கமாகிவிட்டது. தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். மரத்தடியில் கட்டியிருக்கும் ஆடு தெரியாது. இதை யாரும் சொல்லித்தராமல் நீங்களே போய் அளந்து கண்டுபிடித்திருக்கிறீர்கள். கான்செப்ட் எங்கே என்று கேட்டவர்கள் அந்தப் பென்சில் குறிப்பைப் படித்திருக்க மாட்டார்கள். நானும் ஜூரியில் உட்காருகிறவன். சுவரில் ஒட்டிய ஷீட்டில் கூரையின் வளைவு முதலில் கண்ணில் படும், ஜன்னலின் அடிமட்டம் படாது.

தீசிஸின் கூரை அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தரைப்படத்தைப் பாருங்கள். 600 பேர் உட்காரும் அரங்கத்துக்கான கழிப்பறைகளை வளாகத்தின் கோடியில், வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரப்பு. அதே பரப்பில் ஆண்கள் பக்கம் சிறுநீர்க் கோப்பைகளை நெருக்கி வைத்துவிடலாம், பெண்கள் பக்கம் முடியாது. கூத்து இடைவேளையில் பெண்கள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். பள்ளிக் குழந்தையின் கண்மட்டத்தை அளந்த அதே கைதான் இதையும் வரைந்திருக்கிறது. கூரைக்குப் பின்னால் போன நேரத்தில் அந்த அளவுநாடா எங்கோ தவறிவிட்டது. இப்போது அலுவலகத்தில் ஓராண்டாகக் கழிப்பறை வரைகிறீர்கள். இன்று அந்தத் தீசிஸை மீண்டும் வரையச் சொன்னால் கழிப்பறையை அங்கே வைப்பீர்களா?

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சேதி. 1981-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த மாயா லின், ஒரு வகுப்புப் பயிற்சிக்காகச் செய்த வடிவமைப்பை வியட்நாம் போர் வீரர்களுக்கான நினைவுச் சின்னப் போட்டிக்கு அனுப்பினார். வந்த 1,421 வடிவமைப்புகளில் அதுவே தேர்வானது. அப்போது அவருக்கு 21 வயது. வகுப்பில் அதற்குக் கிடைத்த மதிப்பு 'பி'. மாணவர்களுக்குத் தெம்பூட்ட இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பூமியைக் கீறியதுபோல் தரைக்குள் இறங்கும் கறுப்புச் சுவர் என்பது வகுப்பறையில் பிறந்த எண்ணம். அதை நின்று படிக்கும் சுவராக ஆக்கியவை அதன் பிறகு எடுக்கப்பட்ட முடிவுகள். கல் பெங்களூரிலிருந்து போன கறுப்பு கிரானைட். பெயரைத் தேடுகிறவரின் முகம் அதில் தெரியும் அளவுக்கு மெருகேற்றினார்கள். எழுத்தின் உயரம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எட்ட நின்று படிக்க முடியாது, கிட்டே போகத்தான் வேண்டும். பெயர்களை அகரவரிசையில் பொறிக்கச் சொல்லி அழுத்தம் வந்தது. இறந்த நாளின் வரிசையில்தான் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஸ்மித் என்ற பெயரில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள். அகரவரிசையில் போட்டால் எந்த மகன் என்று எந்தத் தாய்க்கும் தெரியாது. நாள் வரிசையில் போட்டதால், ஒரே சண்டையில் விழுந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். இன்று அந்தச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

அரை அங்குல எழுத்து என்ற முடிவையும் 45 செ.மீ. ஜன்னல் என்ற முடிவையும் நான் வேறு வேறாகப் பார்க்கவில்லை. நீங்கள் இப்போது வரையும் படிக்கட்டும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். மாடிக்கு மாடி 3 மீட்டர். 20 படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. கணினியில் கணக்கு முடிந்துவிட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு பொதுக் கட்டடங்களுக்குச் சொல்லும் வரம்புக்கும் பொருந்துகிறது: உயரம் 15 செ.மீ.க்கு மிகாமல், கால் வைக்கும் மிதியின் அகலம் 30 செ.மீ.க்குக் குறையாமல். ஆனால் நீங்கள் எடுத்த 3 மீட்டர் கான்கிரீட்டிலிருந்து கான்கிரீட் வரையிலான அளவு. அதன்மேல் தரையில் கலவையும் டைல்ஸுமாக 7.5 செ.மீ. ஏறும். படியின்மேல் கிரானைட்டும் கலவையும் சேர்ந்து 4 செ.மீ.தான் ஏறும். கட்டி முடித்தபின் அளந்து பார்த்தால் கீழே முதல் படி 11.5 செ.மீ., மேலே கடைசிப் படி 18.5 செ.மீ., நடுவில் உள்ள பதினெட்டும் 15. மனிதனுடைய கால் இரண்டு மூன்று படிகளிலேயே உயரத்தைக் கற்றுக்கொண்டுவிடும், அதன்பிறகு கண்ணைக் கேட்காது. பேரனைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற அம்மாள் அந்தக் கடைசிப் படியில் தடுக்கி விழுவார். அந்த வீட்டில் யாரும் கட்டடக் கலைஞரைக் குறை சொல்ல மாட்டார்கள். 'பார்த்து நடக்கக் கூடாதா' என்று அந்த அம்மாளைத்தான் சொல்வார்கள்.

கழிப்பறையும் அப்படித்தான். கதவு உள்பக்கம் திறந்தால், முதியவர் உள்ளே வழுக்கி விழும்போது அவருடைய உடலே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியே இருப்பவர் தள்ளவும் முடியாது, தள்ளாமலும் இருக்க முடியாது. தரை வாட்டம் நூற்றுக்கு ஒன்று என்று வரைபடத்தில் எழுதிவிடுகிறோம். இரண்டடிக்கு இரண்டடி டைலை நான்கு பக்கத்திலிருந்தும், தண்ணீர் வெளியேறும் ஒரே ஜாலியை நோக்கிச் சாய்க்க முடியுமா என்று கொத்தனாரைக் கேளுங்கள். முடியாது, மூலைவாட்டில் வெட்டித்தான் ஆக வேண்டும். சிறிய டைல் போடலாம், இல்லையென்றால் ஜாலியைச் சுவரோரத்துக்கு நகர்த்தி ஒரே பக்கமாக வாட்டம் கொடுக்கலாம். இந்த யோசனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வராது. ரசமட்டத்தை வைத்துக்கொண்டு குனிந்து நிற்கும் மனிதரின் பக்கத்தில் நிற்கும்போது வரும்.

ஆகவே உங்களுக்குக் கழிப்பறையும் படிக்கட்டும் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. அவற்றைக் கொடுத்துவிட்டுச் சைட்டுக்கு அனுப்ப மறுக்கிறார்களே, அதில்தான் கோபம். நீங்கள் வரைந்த படிக்கு, கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கும் சென்ட்ரிங் வேலை நடக்கும் நாளில் நீங்கள் அங்கே இல்லையென்றால், உங்கள் வரைபடம் சரியா தவறா என்பதே உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஓராண்டு உழைப்பில் பாதியை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள்.

'உனக்குச் சிரமம்' என்பது அக்கறைபோலத் தோன்றும் அநியாயம். தமிழ்நாட்டில் பெண்கள் இல்லாத கட்டுமான இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தலையில் சும்மாடு வைத்துச் செங்கல்லும் கலவையும் சுமந்து சாரத்தில் ஏறும் சித்தாள்கள் அத்தனை பேரும் பெண்கள். அவர்களுக்கு வராத சிரமம் அளவுநாடா பிடிக்கும் பெண்ணுக்கு எப்படி வரும்? உண்மையான சிரமம் ஒன்று உண்டு. பெரும்பாலான சைட்டுகளில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. அந்தச் சித்தாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார். அதைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, உங்களை அலுவலகத்தில் உட்காரவைப்பது தீர்வாகாது. ஒப்பந்தக்காரரின் பணிகளில் தற்காலிகக் கழிப்பறையையும் சேர்க்கும்படி உங்கள் மூத்தவரிடம் நீங்களே எழுதிக் கேளுங்கள். வரைபடத்தையும் கூடவே கொடுத்துவிடுங்கள். கழிப்பறை வரைவதில் இப்போது அந்த அலுவலகத்தில் உங்களை விடத் தேர்ந்தவர் யார்?

வாய்மொழியாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் சைட், நான் வரைந்தவற்றை நான் சரிபார்க்கிறேன் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் மறுத்தால் வேறு அலுவலகம் பாருங்கள். சிறிய அலுவலகமாக இருந்தாலும் சரி. நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வீட்டைக் கடைக்கால் தோண்டுவதிலிருந்து வெள்ளையடிப்பது வரை பார்க்கக் கிடைக்கும்.

சம்பள விஷயம். நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 1951-ல் பாரிஸில், சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் சம்பளம் வாங்கவில்லை. அவர் 2018-ல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் விருது பெற்ற பிறகு இந்தக் கதையை நம் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறேன். தோஷி தாங்கிக்கொண்டார் என்பதற்காக அது முறையாகிவிடாது. தாங்க முடியாமல் தொழிலை விட்டுப் போன பிள்ளைகளின் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் வராது, அதனால் அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளைகள் மட்டும்தான் கட்டடக்கலைக்குள் நிலைக்க முடியும் என்றால், தரையில் உட்காரும் குழந்தைக்கு யார் ஜன்னல் வைப்பார்கள்? ஆண்டு முடியும்போது ஊதிய உயர்வு கேளுங்கள். இந்த ஆண்டு நீங்கள் முடித்த வரைபடங்களின் பட்டியலோடு போய் உட்காருங்கள். கூச்சப்பட எதுவுமில்லை.

முதுகலைக்கு இப்போதே போக வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று கட்டடங்கள் எழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால், அங்கே எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். வயது போய்விடும் என்று பயப்படாதீர்கள். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வழக்கறிஞராக இருந்துவிட்டு 1957-ல் தன் 38-வது வயதில்தான் கட்டடக்கலைத் தகுதி பெற்றார்.

அதுவரை ஊருக்குப் போகும்போது இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் பக்கம்தான். அங்கே தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் படியே கிடையாது. சுழன்று ஏறும் சரிவு, அதன் ஓரமாகக் கட்டியே எழுப்பிய மேசையும் இருக்கையும், செங்கல் சுவரின் இடைவெளிகளில் காற்று. சரிவில் மேசை எப்படிச் சமமாக நிற்கிறது என்று ஒரு காபி குடித்தபடி அளந்து வரைந்துகொள்ளுங்கள். இன்னொன்று புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கியது. இளைஞரான ஜார்ஜ் நகாஷிமா கட்டுமான இடத்திலேயே தங்கி மேற்பார்த்தார். பின்னாளில் அவர் புகழ்பெற்றது மரச்சாமான் செய்பவராக. முன் அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும், வாங்குங்கள். வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கிடைப்பலகைகள். அவற்றின் பித்தளைப் பொருத்துகளை ஆசிரமத்திலேயே வார்த்தார்கள். கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

போர்ட்ஃபோலியோவில் பள்ளியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், பென்சில் குறிப்பை அழிக்காமல். தீசிஸை நான்கு பக்கமாகக் குறையுங்கள். கழிப்பறையை இடம் மாற்றி வரைந்து, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அலுவலக அனுமதியோடு அந்தப் படிக்கட்டு வரைபடம் ஒன்றையும் சேருங்கள். பள்ளிக்கும் தீசிஸுக்கும் நடுவில் அது வரட்டும்.

கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பதிவு இல்லாமல் நம் நாட்டில் பெயருக்கு முன்னால் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள முடியாது. வேலை மாறும்போது கேட்கப்படும் முதல் ஆவணமும் அநேகமாக அதுதான்.

அன்புடன்